புயலுக்குப் பிந்தைய முதல் கயிறு

ரீயூனியன் தீவில் புயல் பருவம் ஏப்ரலோடு ஓயும். அதற்கப்புறமும் சில வாரங்கள், மலையோடைகளின் இரைச்சல் அடங்கக் காத்திருப்போம். தண்ணீர் தெளிந்து மட்டம் இறங்கியதும் கயிற்றுப் பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அந்த முதல் இறக்கத்தில் வாடிக்கையாளர் யாரையும் சேர்ப்பதில்லை. வழிகாட்டிகள் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். போகிற இடம் புதிதல்ல; போன பருவத்தில் வாரம் தவறாமல் இறங்கிய அதே ஆற்றிடுக்குதான். ஆனாலும் இதற்குமுன் யாருமே கால் வைக்காத இடம் என்று எண்ணிக்கொண்டுதான் இறங்குவோம். எண்ணிக்கொண்டு என்பதுகூடச் சரியில்லை. புயல் அடித்து ஓய்ந்தபின் உண்மையிலேயே அது வேறு இடம்.

மலையோடை பாறையைக் குடைந்து உண்டாக்கிய ஒடுங்கிய இடுக்குக்குள் மேலிருந்து நுழைந்து, அருவி அருவியாகக் கயிற்றில் இறங்கி, மடுக்களில் நீந்தி, ஓடை வெளியேறும் இடத்தில் நாமும் வெளியேறுவதுதான் எங்கள் வேலை. பிரெஞ்சில் கனியோனிங் என்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் கயிறுதான் கண்ணில் படும். பத்திரிகைகளும் அருவிக்கு நடுவே தொங்கும் ஆளின் படத்தைத்தான் போடுகின்றன. கயிற்று வேலையை ஒரே பருவத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். தண்ணீர் வற்றிக் கிடக்கும் நாளில் வந்து நின்று, வெள்ளம் இங்கே எதுவரை ஏறியது, எதைப் புரட்டியது, அடுத்த முறை எந்தப் பக்கம் மோதும் என்று பாறையைப் பார்த்துச் சொல்லத்தான் ஆண்டுகள் பிடிக்கும்.

நான் பிறந்தது புதுச்சேரியில். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்; குடும்பம் பிரான்சுக்குப் போனபோது நான் பள்ளிச் சிறுவன். தென் பிரான்சின் சுண்ணாம்புக்கல் மலைகளில்தான் கயிறு பிடிக்கப் பழகினேன். வெர்தோன் ஆறு வெட்டிய பெரும் பிளவு அங்கேதான் இருக்கிறது. ஆழம் சில இடங்களில் 700 மீட்டர். 1905 ஆகஸ்டில் குகை ஆய்வாளர் எதுவார்-ஆல்ஃபிரெத் மர்தேல் ஒரு குழுவோடு அதன் வழியே இறங்கிப் போனார். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் இசிதோர் ப்ளான் அந்தக் குழுவில் இருந்தார். பயிற்சிக் காலத்தில் எங்களை அங்கே கூட்டிப்போய், மர்தேல் குழு தவித்த இடங்களைக் காட்டுவார்கள். பின்னாளில் கட்டிய அணைகளால் ஆற்றின் வேகம் அடங்கிவிட்டது. பாறை மட்டும் அன்று நின்ற மாதிரியே நிற்கிறது. சுண்ணாம்புக்கல் கரையும், வழவழக்கும், எளிதில் உடையாது. இந்த அருவிக்கு முப்பது மீட்டர் கயிறு போதும், இந்த மடுவில் தைரியமாகக் குதிக்கலாம் என்று ஒரு தலைமுறை எழுதிவைத்ததை அடுத்த தலைமுறை நம்பி இறங்குகிறது.

ரீயூனியனில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. பாறை வேறு, மழையும் வேறு.

தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் 3,070 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது அணைந்துபோன எரிமலையான பித்தோன் தெ நேஜ். அதைச் சுற்றி சலாசி, மஃபாத், சிலாவோஸ் என்று மூன்று பெருங்கிண்ணங்கள். கிண்ணங்களின் சுவர்களை எண்ணற்ற ஓடைகள் கீறியிருக்கின்றன. இந்தியப் பெருங்கடலில் நகரும் புயலின் ஈரம் இந்தச் சுவர்களில் மோதி மேலெழும்பி அப்படியே கொட்டுகிறது. 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற மேட்டில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கொமர்சோன் எரிமலைவாயில் 72 மணி நேரத்தில் 3,930 மில்லிமீட்டர். உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில் இரண்டுமே உலக உச்சங்கள். சென்னைக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் கிடைக்கும் மழை அந்த எரிமலைவாயில் மூன்றே நாளில் இறங்கியது. அதே கமேத் வெள்ளத்தில் சேன்-எத்தியேன் ஆற்றின் சாலைப் பாலம் சரிந்து விழுந்தது. அவ்வளவு அகன்ற ஆற்றில் கான்கிரீட் பாலத்தைத் தள்ளிய தண்ணீர், மலையில் இரண்டு கை அகல இடுக்குக்குள் எந்த உயரத்தில் ஓடியிருக்கும்? புயலுக்குப் பின் முதன்முதலாக இறங்கும்போது இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் விடை தேடுகிறோம்.

பாறை எரிமலைக்குழம்பு உறைந்தது. ஒவ்வொரு வெடிப்பின் குழம்பும் முந்தையதன் மேல் பரவி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஓர் அடுக்கு கெட்டிக் கருங்கல்; அதன் அடியிலேயே கையால் சுரண்டினால் உதிரும் கசடு. வெள்ளம் கசட்டை அரித்துவிட்டால் மேலே உள்ள கருங்கல் பாளமாகப் பிளந்து விழும். இப்படி விழுந்த கற்கள், சில வீட்டளவு இருக்கும், புயலுக்குப் புயல் இடம் மாறுகின்றன. எட்டு மீட்டர் உயரத்திலிருந்து பயமில்லாமல் குதித்த மடு, அடுத்த பருவத்தில் முழங்கால் ஆழமே மிஞ்சும்படி சரளைக்கல் நிரம்பிக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் அதே பச்சைத் தண்ணீர். சூரிய ஒளி சாய்வாக விழும் இடுக்கில் ஆழம் கண்ணுக்குப் பிடிபடவே செய்யாது. ஆகவே முதல் இறக்கத்தில் குதிப்பது கிடையாது. ஒருவர் கயிற்றிலேயே மடுவில் இறங்கி, முகமூடி போட்டுக்கொண்டு ஓரம் முழுவதும் நீந்தி, காலால் துழாவி, நடுவில் முங்கி எழுந்து சொன்ன பிறகே மற்றவர்களுக்கு அந்த மடு மடுவாகும்.

இந்தத் தீவின் பாறையைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சலாசியைச் சேர்ந்த ஒரு மூத்த வழிகாட்டி. 1848இல் இங்கே அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழர்களின் வழிவந்தவர். தீவில் இவர்களை மல்பார் என்பார்கள். அவருக்குத் தமிழ் வராது. தீமிதிக்கு விரதம் இருக்கும் நாட்களில் வேலைக்கு வந்தாலும் எங்கள் மதியச் சாப்பாட்டைத் தொடமாட்டார். நாங்கள் பேசிக்கொள்வது கிரியோல் மொழியில். ஆனாலும் நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவரும் திரும்பிப் பார்ப்பார். இடுக்கின் வாயில் வந்ததும் எல்லாரும் கீழே எட்டிப் பார்ப்போம். அண்ணன் மேலே பார்ப்பார். எவ்வளவு உயரத்தில் கிளைகளில் சருகும் வேரும் சிக்கியிருக்கின்றன, பாசியும் பெரணியும் எந்தக் கோட்டுக்குக் கீழே துடைத்தெடுத்ததுபோல் போயிருக்கின்றன, எங்கே பாறையில் புதுக் காயத்தின் வெளிறிய நிறம் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். பிறகு, "இந்த வருஷம் இடது சுவர்தான் அடி வாங்கியிருக்கு. கீழே ஆங்கர் இருக்காது" என்பார். பெரும்பாலும் இருக்காது.

ஆங்கர் என்று நாங்கள் சொல்வது கயிற்றைக் கட்டும் இடத்தை. பாறையில் துளையிட்டு இறுக்கிய இரண்டு போல்ட். அவற்றை இணைக்கும் சங்கிலி. சங்கிலியின் நுனியில் கயிறு ஓட ஒரு வளையம். எங்கள் உயிர் அதில்தான் தொங்குகிறது என்பதால் துருப்பிடிக்காத எஃகுதான் போடுகிறோம். வெள்ளத்தில் உருண்டு வரும் கல் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினால் போல்ட்டின் காது மடங்கிப்போகும், அல்லது போல்ட் துளையோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். பெயர்ந்துபோனதைப் பற்றிக் கவலை இல்லை. இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது. வளையாமல் நிமிர்ந்து நிற்கும் போல்ட்தான் சந்தேகத்துக்குரியது. அதைச் சுற்றிச் சுத்தியலால் பாறையைத் தட்டுவேன். திடமான பாறை கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் ஓடியிருந்தால் மொத்தென்று சத்தம் வரும். அப்படிக் கேட்டால் போல்ட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதைக் கைவிட்டுவிட வேண்டும். பிடித்திருக்கும் பாறையே சுவரிலிருந்து விலகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

புது ஆங்கருக்கு இடம் தேடுவதில்தான் அனுபவம் பேசும். அருவியின் உச்சியில், தண்ணீருக்குப் பக்கத்தில் போட்டால் எட்டுவதற்குச் சுலபம். அடுத்த வெள்ளத்தில் அது போய்விடும். மேலே, வெள்ளக் கோட்டைத் தாண்டிப் போட்டால் நிலைக்கும். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கே சுவரோரமாக ஒரு பிடிகயிறு கட்ட வேண்டும். மேலும், அங்கிருந்து தொங்கும் கயிறு எந்த விளிம்பில் உரசும், இறங்குகிறவர் அருவிக்குள் போவாரா வெளியே போவாரா என்பதெல்லாம் மாறும். நான் எப்போதும் உயரத்தின் பக்கம். எட்டுவதற்குச் சிரமமான ஆங்கரைக் குறைசொல்லும் இளையவர்களிடம், புயல் முடிந்து வந்து பார்க்கும் நாளில் இதற்கு நன்றி சொல்வாய் என்பேன். இடம் முடிவானதும் பேட்டரித் துளைக்கருவியால் இரண்டு துளை, ஒன்றுக்கொன்று ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விட்டு. துளைக்குள் இருக்கும் கல்மாவை ஊதிச் சுத்தம் செய்யாமல் போல்ட்டை அடித்தால் பிடிப்பு வராது. மழைக்காட்டுக்குள் முழங்கால் சேற்றில் அந்தக் கருவியையும் பேட்டரியையும் தண்ணீர் புகாத டப்பாவில் அடைத்துச் சுமந்து வருவதுதான் இந்த வேலையின் சுமை. முந்தைய தலைமுறையினர் ஒவ்வொரு துளையையும் சுத்தியலும் உளியுமாகக் கையாலேயே போட்டார்கள். கொட்டும் அருவிக்குப் பக்கத்தில், ஈரத்தில் தொங்கிக்கொண்டு ஒரு துளைக்கு அவர்கள் செலவழித்த நேரத்தை நினைத்தால், எங்கே போடலாம் என்பதை அவர்கள் ஏன் அவ்வளவு யோசித்தார்கள் என்பது விளங்கும்.

கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுக் கயிறு வாங்கியதும் அப்படியே கொண்டுபோகக் கூடாது. தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, பிறகுதான் அளந்து வெட்டுவோம். ஈரம் பட்டதும் அது சுருங்கும். வாங்கும்போது இருந்த நீளத்தை நம்பி இறங்கினால் அருவியின் அடியில் கயிறு எட்டாமல் அந்தரத்தில் நிற்க நேரும்.

மலையேறுபவர்கள் கயிற்றின் நுனியில் முடிச்சுப் போடுவார்கள், தவறி நுனியைத் தாண்டி வழுக்கிவிடாமல் இருக்க. பாயும் தண்ணீரில் அந்த முடிச்சு ஆளைக் கொன்றுவிடும். அருவி விழும் இடத்தில் தண்ணீர் கீழே போய்ச் சுழன்று மறுபடி அருவியடிக்கே வருகிறது. அந்தச் சுழலுக்குள் கயிற்றோடு கட்டுண்டு கிடப்பவருக்கு மூச்சுவிட வழியில்லை. அதனால் கயிற்றின் நுனி மடுவின் நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்கே நீளத்தைச் சரிசெய்வோம், முடிச்சில்லாமல். இறங்குபவர் தண்ணீரைத் தொட்டதும் எட்டு வடிவ இறங்குகருவியிலிருந்து கயிறு தானாக நழுவிவிடும். உந்தி நீந்த வேண்டியதுதான் பாக்கி. மேலே கயிற்றை நிரந்தரமாகக் கட்டிவிடுவதும் இல்லை. இறங்குபவரின் தலைமுடியோ பையின் வாரோ கருவிக்குள் சிக்கிக்கொண்டால், அருவிக்கு அடியில் தொங்குபவரை மேலிருப்பவர் அப்படியே கயிற்றைத் தளர்த்திக் கீழே இறக்கிவிடும்படி கட்டியிருப்போம். இந்த ஒரு கட்டு தெரியாதவரை எத்தனை பெரிய மலையேறியானாலும் என் குழுவில் கடைசி ஆளாக நிறுத்தமாட்டேன்.

அருவிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. விசில்தான் மொழி. ஒரு குறுகிய ஊதல் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் இழு. ஒரே நீண்ட ஊதல் என்றால் கயிற்றிலிருந்து விடுபட்டுவிட்டேன், அடுத்தவர் வரலாம்.

எல்லோரும் இறங்கியபின் கயிற்றை உருவ வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் மறுநுனி மேலேறி, வளையத்துக்குள் புகுந்து, சரசரவென்று விழும். அது விழும் கணத்திலிருந்து மேலே திரும்பிப்போகும் வழி கிடையாது. கீழே வெளியேறும் வாய் ஒன்றுதான். முதல் இறக்கத்தில் நாங்கள் முதல் அருவியின் கயிற்றை உடனே உருவுவதில்லை. ஒருவரை அடுத்த அருவியின் விளிம்பு வரை அனுப்பி, அங்கே ஆங்கர் இருக்கிறதா, இல்லையென்றால் போட வாகான பாறையாவது இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்வோம். அவர் விசில் வந்த பிறகே உருவுவோம். நேரம் இரட்டிப்பாகும், அதற்கேற்ப விடியும்முன் கிளம்புவோம்.

இந்த முறையின் முழு எடை தெரிவது துரூ த ஃபேரில். பெலூவ் காட்டுக்கு அப்பால், சலாசிக் கிண்ணத்தின் விளிம்பருகே, ப்ரா த காவேர்ன் ஓடை ஒரு மாபெரும் குழிக்குள் பாய்கிறது. குழியின் ஆழம் 300 மீட்டர் அளவு. சுற்றுச் சுவர்களெல்லாம் பச்சை, அதில் பல இடங்களில் அருவிகள். மேலே காட்டுப் பாதையில் நடந்துபோய்ப் பார்வை மேடையில் நின்று பார்ப்பார்கள், ஹெலிகாப்டரிலிருந்தும் பார்ப்பார்கள். 1989இல்தான் மனிதர் முதன்முதலாக அந்த அருவிகள் வழியே கயிற்றில் இறங்கினார்கள். சந்திரனில் கால் வைத்து இருபது ஆண்டுகள் கழித்து. தீவின் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்த இடத்தின் அடி எப்படி இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

அங்கே இறங்கும் குழுக்களில் பல ஓர் இரவாவது உள்ளே தங்கும். நாங்களும் தங்குவோம். காலையில் பெலூவ் காட்டின் சேற்றில் தொடங்கும். மேகம் எப்போதும் மரக்கிளைகளிலேயே கிடக்கும் காடு அது. பெரணி மரங்கள், வளைந்து படுத்து மறுபடி எழுந்த தாமரேன் மரங்கள். ஓடையில் கால் வைத்தபின் பாறை சீக்கிரமே சுவராகிவிடும். பெரிய அருவியில் ஒரே கயிற்றில் இறங்குவதில்லை. நீண்ட கயிறு விளிம்பில் உரசி அறுபடும் என்பதால் சுவரின் நடுவே திட்டுத் திட்டாக ஆங்கர் போட்டு, துண்டு துண்டாக இறங்குகிறோம். ஒவ்வொரு திட்டும் இரண்டு பேர் நெருக்கி நிற்கும் இடம். புயலுக்குப் பின் முதலில் இறங்குபவர் அந்தத் திட்டை அடையும்வரை அங்கே ஆங்கர் உண்டா இல்லையா என்பது தெரியாது. ஆகவே அவர் இடுப்பில் துளைக்கருவி தொங்கும். தேவைப்பட்டால் கயிற்றிலேயே மேலே ஏறிவரக் கைப்பிடிக் கருவிகளும் இருக்கும். முதலில் இறங்க நான் முந்திக்கொள்வேன். பயம் இல்லாமல் அல்ல. அந்தச் சுவரில் என் முன்னே யாருடைய தடமும் இல்லாதபோது ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்து, தட்டிக் கேட்டு, நம்பலாமா என்று முடிவெடுக்கும் அந்த நிமிடங்களில் எனக்கு வேறெந்த நினைப்பும் வருவதில்லை. அந்த நிமிடங்களுக்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

அடிக்குப் போனால் வானம் ஒரு வட்டம். ஹெலிகாப்டர் சத்தம் வந்து போகும். அதில் இருப்பவர்கள் கண்ணுக்கு நாம் தெரியமாட்டோம். அருவிகள் விழும் காற்று ஓயாமல் சாரலை அடித்துக்கொண்டே இருக்கும். நெருப்பு மூட்ட முடியாது. சிறு அடுப்பில் சூப் காய்ச்சிக் குடித்துவிட்டு, வெள்ளக் கோட்டுக்கு மேலே தேடிப் பிடித்த மேட்டில் படுப்போம். எங்கே படுப்பது என்பதை அண்ணன்தான் முடிவு செய்வார். சமமான மணல்திட்டு அருகிலேயே இருக்கும். அதன் பக்கமே போகவிடமாட்டார். மணல் அங்கே எப்படி வந்தது என்று கேட்பார். சரிவான பாறையில், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாதி உட்கார்ந்தபடி தூங்குவோம். மறுநாள் வெளியே போகும் வழி, ஓடை குடைந்த ஒடுங்கிய நீண்ட இடுக்கு. அதற்குள் நுழையும்முன் நீர்மட்டத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, தேநீர் குடித்து முடிக்கும்வரை பார்ப்போம். கல் நனைந்தால் போகமாட்டோம்.

தண்ணீர் ஏறுவதை முதலில் சொல்வது தண்ணீரின் அளவு அல்ல. தெளிந்த ஓட்டத்தில் பச்சை இலையும் முறிந்த சுள்ளியும் மிதந்து வரும். பிறகு நிறம் கலங்கும். மண்வாசனை வரும். இடுக்கின் வழியே திடீரென்று ஒரு குளிர்காற்று கீழ்நோக்கி வீசும். அப்புறம், கல்லோடு கல் மோதும் சத்தம் அடியிலிருந்து கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கும்வரை ஒருவர் தண்ணீரில் நின்றால் தாமதித்துவிட்டார் என்றே அர்த்தம். எரிமலைப் பாறையின் விரிசல்களுக்குள் முதல் மழை முழுவதும் இறங்கிப்போகும்; ஓடையில் ஒன்றுமே தெரியாது. உள்ளே நிறைந்ததும் ஒரேயடியாக வரும். அதனால்தான் தலைக்குமேல் நீலவானம் இருப்பதை நாங்கள் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்வதில்லை. மேலே, நீர் திரளும் மேட்டில் நேற்றும் முந்தாநாளும் எவ்வளவு பெய்தது என்ற மழைமானி எண்தான் கணக்கு.

சலாசியில் ஒரு மதியம், நான்கு வாடிக்கையாளர்களோடு நடு இடுக்கில் இருந்தோம். நல்ல வெயில். முன்னால் நின்ற அண்ணன் கையைத் தூக்கினார். அவர் முன்னே மடுவில் நாலைந்து இலைகள் சுற்றிக்கொண்டிருந்தன, காம்பு வெள்ளையாக. "இப்பத்தான் முறிஞ்சது" என்று மட்டும் சொன்னார். அடுத்த அருவிக்குக் கயிறு போட்டாயிற்று; இறங்கினால் அரை மணியில் வெளியே போயிருக்கலாம் என்று அந்த நால்வரில் ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். நாங்கள் கீழே போகவில்லை. பக்கச் சுவரில், பெரணி அடர்ந்து நின்ற ஒரு திட்டுக்கு எல்லாரையும் கயிற்றில் ஏற்றினோம். கடைசி ஆள் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் மடு பழுப்பானது. பிறகு அருவி தன் வளைவை மாற்றிக்கொண்டு எதிர்ச்சுவரில் போய் அடித்தது. நாங்கள் கயிறு போட்டிருந்த இடம் கண்ணில் இருந்து மறைந்தது. இருட்டும்வரை அங்கேயே ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேள்வி கேட்டவர் அதன்பின் அண்ணனின் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. மட்டம் இறங்கியதும் தலைவிளக்கு வெளிச்சத்தில் வெளியே வந்தோம். மலைமீட்புப் போலீசார் ஹெலிகாப்டரோடு வரக்கூடியவர்கள்தான், கைதேர்ந்தவர்கள். ஆனால் இந்த இடுக்குகளில் மேகம் மூடிவிட்டால் அவர்களும் காத்திருக்கத்தான் வேண்டும்.

வெப்பமண்டலத் தீவில் குளிர் என்றால் சிரிப்பார்கள். ஜூலை இங்கே குளிர்காலம். நிழலிலேயே ஓடும் மலைத்தண்ணீரில் மணிக்கணக்காக நின்றால் தடித்த நியோப்ரீன் உடைக்குள்ளும் விரல்கள் முடிச்சுப் போட மறுக்கும். எலிக்காய்ச்சலும் உண்டு, எங்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது, என்றாலும் அது எல்லா வகைக் கிருமியையும் தடுக்காது. ஒரு சிறு கீறலையும் மூடாமல் தண்ணீரில் இறங்கவிடமாட்டேன்.

போல்ட் எத்தனை அடிப்பது என்பதில் எங்களுக்குள்ளே சண்டை உண்டு. 2007இல் இங்கே தேசியப் பூங்கா வந்தது. 2010இல் இந்தச் சிகரங்களும் கிண்ணங்களும் சுவர்களும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அதற்கு முன்பே, அடிக்கடி போகும் இடுக்குகள் சிலவற்றில் பழைய போல்ட், புதிய போல்ட், யாரோ வசதிக்காக அடித்த போல்ட் என்று சுவரெல்லாம் எஃகாகிவிட்டது. வேண்டாததைக் கழற்றி எடுத்து வருவதையும் முதல் இறக்கத்தின் வேலையாக வைத்திருக்கிறோம். ஓர் அருவிக்கு இரண்டே போல்ட், உயரத்தில், சரியான இடத்தில். மரத்திலோ சிக்கிய கல்லிலோ கட்டி இறங்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் அதில் விட்டுவந்த நாடாத்துணி அடுத்த புயலில் கடலுக்குப் போகிறது. சுவர்ப் பொந்துகளில் நீண்ட வெள்ளை வால் கொண்ட கடற்பறவை முட்டையிடுகிறது. கூடு இருக்கும் பக்கத்தில் துளைக்கருவியை எடுக்கக் கூடாது என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

வெளியே வந்ததும் ஈர உடையோடே ஒருவர் நோட்டை எடுப்பார். ஒவ்வொரு அருவிக்கும் ஒரு வரி: ஆங்கர் எங்கே, கயிறு எத்தனை மீட்டர், மடுவின் ஆழம், குதிக்கலாமா கூடாதா, தப்பி ஏற எந்தத் திட்டு, தேதி. தேதி இல்லாத குறிப்பை இந்தத் தீவில் யாரும் மதிப்பதில்லை. அன்று மாலையே மற்ற வழிகாட்டிகளுக்கு அது போய்ச் சேரும், போட்டி நிறுவனத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. அவர்கள் முதலில் இறங்கிய இடுக்குகளின் குறிப்பு எங்களுக்கு வரும். சிலாவோஸ் பக்கத்து இடுக்குகளில் கல் அதிகம் புரண்டிருக்கிறது என்று இந்தப் பருவத்தில் எழுதியிருந்தார்கள். சலாசியில் எங்கள் இடுக்கின் மூன்றாவது அருவிக்கு அடியில் புதிதாக ஒரு பாறை வந்து உட்கார்ந்து மடுவைப் பாதியாக்கியிருக்கிறது. அதன் அடியில் தண்ணீர் உறிஞ்சும் பொந்து ஒன்று இருப்பதாகச் சந்தேகம். மிதக்கும் கயிற்றுப் பையை விட்டுப் பார்த்தோம்; அது பாறையடிக்குப் போய் நின்றுவிட்டது. ஆங்கரை வலப்பக்கம் நான்கு மீட்டர் தள்ளிப் போட்டால் இறங்குபவர் அந்தப் பொந்தைத் தொடாமல் சரளைமேட்டில் கால் வைக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார். வலப்பக்கச் சுவரில் கசட்டு அடுக்கு ஓடுகிறது; போல்ட் பிடிக்குமா என்று எனக்குச் சந்தேகம். வரும் வாரம் தட்டிப் பார்க்கப் போகிறோம். அதுவரை அந்த இடுக்குக்கு யாரையும் கூட்டிப்போவதில்லை என்று குறிப்பின் தலையில் எழுதி அனுப்பிவிட்டோம்.